எந்த ஊர்ச் சரக்கு?

சாமானின் மேல் உள்ள நாட்டுப் பெயரை நம்பி வாங்கலாமா?

"இது எந்த ஊர்ச் சரக்கு?"

கடையில் ஒரு சாமானைக் கையில் எடுத்ததும் நம்மில் பலர் கேட்கும் கேள்வி இது. விலையைக் கேட்பதற்கு முன்பே இதைக் கேட்பவர்களும் உண்டு. கடைக்காரர் "ஜப்பான்" என்றால் முகம் மலர்கிறது. "சீனா" என்றால் சாமான் மறுபடியும் மேஜைக்குப் போய்விடுகிறது. "நம்ம ஊர்தான்" என்றால் சிலர் பெருமையோடு வாங்குகிறார்கள். சிலர் உதட்டைப் பிதுக்குகிறார்கள்.

இது நேற்று வந்த பழக்கம் அல்ல. 'சீமை' என்ற சொல்லைப் பாருங்கள். சீமையெண்ணெய், சீமைச் சுண்ணாம்பு, சீமைக் கத்தரிக்காய், சீமைப் பசு! கடல் கடந்து வந்தது என்றால் நம் பாட்டனார்கள் உடனே அதற்கு இந்தப் பட்டத்தைச் சூட்டிவிட்டார்கள். பிறகு 'பாரின் சாமான்' காலம் வந்தது. பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் பிழைப்பதற்காக 1969-ல் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே ஏற்பட்ட பர்மா பஜாரில், ஜப்பான் ரேடியோவுக்கும் டேப் ரிக்கார்டருக்கும் கூட்டம் அலைமோதியது. சிங்கப்பூரிலிருந்து திரும்பும் உறவினர் ஒரு கோடாலித் தைலம் கொண்டு வரவில்லை என்றால் வீட்டில் வருத்தப்பட்டவர்கள் எத்தனை பேர்!

ஊர்ப் பெயருக்கு இத்தனை சக்தி எங்கிருந்து வந்தது? அந்தப் பெயரைப் பார்த்து வாங்குவது புத்திசாலித்தனமா, வெறும் மயக்கமா? இதற்கு விடை காண வேண்டுமானால் சற்றுச் சரித்திரத்தைப் புரட்ட வேண்டும்.

அவமானத்துக்கு இட்ட முத்திரை

சாமானின் மேல் நாட்டுப் பெயரைப் பொறிக்கும் வழக்கத்தை உலகில் பரப்பியது ஒரு பிரிட்டிஷ் சட்டம். அதற்குக் காரணமாக இருந்தவை கத்தியும் கத்தரிக்கோலும்!

இங்கிலாந்தில் ஷெப்பீல்டு என்ற நகரம் கத்திகளுக்குப் பேர்போனது. ஜெர்மனியில் சோலிங்கன் என்ற ஊரிலும் அதே தொழில்தான். சோலிங்கன் வியாபாரிகளில் சிலர், மட்டமான கத்திகளில் 'ஷெப்பீல்டு' என்று பொறித்து உலகமெங்கும் விற்கத் தொடங்கினார்கள். ஷெப்பீல்டுக்காரர்கள் பொங்கி எழுந்தார்கள். அதன் விளைவுதான் 1887-ஆம் வருஷத்துச் சரக்கு முத்திரைச் சட்டம். பிரிட்டிஷ் சரக்கு என்று எண்ண வைக்கும் பெயரோ அடையாளமோ அந்நியச் சரக்கில் இருந்தால், அது உண்மையில் எந்த நாட்டில் செய்தது என்பதையும் தெளிவாகப் போட வேண்டும் என்றது அந்தச் சட்டம்.

ஜெர்மன் சரக்கு மட்டம் என்பது ஆங்கிலேயர்களின் கட்டுக்கதை அல்ல. 1876-ல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் உலகப் பொருட்காட்சி நடந்தது. அங்கே போன ஜெர்மன் பேராசிரியர் பிரான்ஸ் ரூலோ, தம் நாட்டுச் சரக்குகளைப் பார்த்துவிட்டு, அவை மலிவானவை, மட்டமானவை என்று ஊருக்கே எழுதினார். ஜெர்மன் பத்திரிகைகளில் பெரிய ரகளை நடந்தது. ஆனால் அந்தச் சூடு வீண் போகவில்லை. அடுத்த வருஷமே ஜெர்மனி முழுவதற்கும் ஒரே பேடன்ட் சட்டம் வந்தது. தொழில்நுட்பக் கல்லூரிகளில் படித்த இன்ஜினீயர்களும் ரசாயன நிபுணர்களும் தொழிற்சாலைகளுக்குள் நுழைந்தார்கள்.

"ஜெர்மனியில் செய்தது" என்று பொறித்தால் பிரிட்டிஷ் மக்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள் என்பது சட்டம் போட்டவர்களின் கணக்கு. நடந்ததோ வேறு. "அட, இந்த நல்ல சாமானும் ஜெர்மனிதானா?" என்று ஜனங்கள் தெரிந்துகொள்ளத்தான் அந்த முத்திரை உதவிற்று! 1896-ல் எர்னஸ்ட் எட்வின் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலேயர் அந்த முத்திரையையே தலைப்பாக வைத்து ஒரு புத்தகம் எழுதினார். ஆங்கிலேயர் வீட்டுக்குள் எங்கே திரும்பினாலும் ஜெர்மன் சரக்குதான் என்று அவர் எழுதியது நாட்டையே கலக்கியது. குற்றவாளிக்குச் சூடு போடுவதுபோல் போட்ட அடையாளம், இருபது வருஷத்துக்குள் பதக்கமாகிவிட்டது.

போலிப் பெயர் பொறித்த அதே சோலிங்கன், பிறகு தன் பெயரைப் பிறர் திருடுகிறார்கள் என்று சட்டத்தின் உதவியை நாடியது. 1938-ல் அந்த ஊர்ப் பெயரைப் பாதுகாக்கத் தனிச் சட்டமே வந்தது.

இந்த வளர்ச்சியில் நமக்கும் ஒரு அடி விழுந்தது. 1897-ல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எப். கம்பெனி செயற்கை நீலச் சாயத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வங்காளம், பீகார் மட்டுமல்ல, நம் சென்னை ராஜதானியில் தென்னாற்காடு, கடப்பை ஜில்லாக்களிலும் அவுரி பயிரிட்டு நீலம் எடுத்து வந்தார்கள். சில வருஷங்களிலேயே அந்தத் தொழில் படுத்துவிட்டது. சாயம் வாங்கிய ஆலைக்காரர் 'எந்த நாடு' என்று கேட்கவில்லை. 'என்ன விலை, ஒரே சீராக ஒட்டுமா' என்றுதான் கேட்டார்.

கண்ணுக்குத் தெரியாத எழுத்து

ஜெர்மனியின் கதை ஜப்பானில் மறுபடியும் நடந்தது.

யுத்தத்துக்கு முன்பு ஜப்பான் சரக்கு என்றாலே 'இன்று வாங்கினால் நாளை உடையும்' என்று பெயர். யுத்தத்தில் தோற்ற பிறகு அந்தப் பெயரும் சொந்தமாக இல்லை. 1947 முதல் 1952 வரையில் வெளிநாட்டுக்குப் போன ஜப்பானியப் பொம்மைகளிலும் பீங்கான்களிலும் 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்தது' என்று பொறித்திருந்ததை இன்றும் பழஞ்சாமான் சேகரிப்பவர்களிடம் பார்க்கலாம்.

அந்தக் காலத்தில் மசாரு இபுகா, அகியோ மொரீட்டா என்ற இருவர் டோக்கியோவில் ஒரு சிறு கம்பெனி தொடங்கினார்கள். அதுவே 1958-ல் 'சோனி' என்று பெயர் மாறியது. அமெரிக்காவுக்குச் சாமான் அனுப்பும்போது, 'ஜப்பானில் செய்தது' என்ற எழுத்தை எவ்வளவு சிறிதாகப் போட முடியுமோ அவ்வளவு சிறிதாகப் போட்டார்களாம். இது போதாது, பெரிதாகப் போடுங்கள் என்று அமெரிக்கச் சுங்க இலாகாவே சொல்ல வேண்டியிருந்தது! மொரீட்டா தம் சுயசரிதையில் இதை மறைக்காமல் எழுதியிருக்கிறார். அந்தச் சுயசரிதை 1986-ல் வெளிவந்தது. அதன் தலைப்பு என்ன தெரியுமா? 'ஜப்பானில் செய்தது'! முப்பதே வருஷத்தில் ஒளித்து வைத்த எழுத்து அட்டைப் படத்துக்கு ஏறிவிட்டது.

இடையில் நடந்தது என்ன? விளம்பரமா? அதுவும் உண்டு. ஆனால் அஸ்திவாரம் வேறு. 1950-ல் எட்வர்ட்ஸ் டெமிங் என்ற அமெரிக்கப் புள்ளிவிவர நிபுணரை ஜப்பானிய விஞ்ஞானிகள், இன்ஜினீயர்கள் சங்கம் அழைத்துப் பாடம் கேட்டது. சாமான் முடிந்த பிறகு நல்லது கெட்டது பொறுக்குவதால் பயன் இல்லை. வேலையின் ஒவ்வொரு படியிலும் அளந்து பார்த்து, தவறு எங்கே பிறக்கிறதோ அங்கேயே அதைத் தீர்க்க வேண்டும் என்பது அவர் போதனையின் சாரம். அவர் பெயரால் 1951 முதல் ஒரு பரிசும் கொடுத்து வருகிறார்கள். சர்க்காரும் சும்மா இருக்கவில்லை. 1957-ல் ஏற்றுமதிப் பரிசோதனைச் சட்டம் இயற்றி, குறிப்பிட்ட சரக்குகள் பரிசோதனையில் தேறினால்தான் கப்பல் ஏறலாம் என்று வைத்தது.

டெமிங் பரிசு இந்தியாவுக்கு முதன்முதலாக வந்தது 1998-ல். பெற்றது சென்னை பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டன் கம்பெனியின் பிரேக் பிரிவு. ஆக, 'ஜப்பான் தரம்' என்பது ஜப்பான் மண்ணில் விளையும் பயிர் அல்ல. பாடியிலும் அதை விளைவிக்கலாம்!

அபிமானமா, அணாவா?

"தரம் கிடக்கட்டும். நம் நாட்டுச் சரக்கை நாம் வாங்காமல் யார் வாங்குவார்கள்?" என்று ஒரு கட்சி உண்டு. தமிழ்நாட்டில் இந்தக் கட்சிக்குத் தலைமகன் வ. உ. சிதம்பரம் பிள்ளை.

1906-ல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியை அவர் ஆரம்பித்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய். 'காலியா', 'லாவோ' என்ற இரண்டு கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் ஓடின. ஜனங்கள் ஆவேசத்தோடு சுதேசிக் கப்பலில் ஏறினார்கள். எதிரே நின்றதோ செல்வம் கொழித்த பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி. அது கட்டணத்தைக் குறைத்தது. சுதேசிக் கம்பெனியும் குறைத்தது. கடைசியில் பிரிட்டிஷ் கம்பெனி இலவசமாகவே ஏற்றிச் சென்று, போதாததற்குக் குடையும் கொடுத்தது என்று சொல்வார்கள். 1908-ல் சிதம்பரம் பிள்ளை சிறைக்குப் போனார். சில வருஷங்களில் கம்பெனியும் முறிந்தது.

இதிலிருந்து இரண்டு பாடங்கள் கிடைக்கின்றன. தேசாபிமானம் மனிதனைக் கடையின் வாசல் வரையில் கொண்டுவந்து விடும். ஆனால் நாள்தோறும், மாதந்தோறும் விலை வித்தியாசத்தைத் தாங்கச் சொன்னால் ஏழையின் மடி தாங்காது. இது முதல் பாடம். இரண்டாவது இன்னும் சுவாரஸ்யமானது. அந்தச் சுதேசிக் கப்பல்கள் பிரான்ஸிலிருந்து வாங்கி வந்தவை! அதனால் அவை சுதேசிக் கப்பல்கள் அல்ல என்று யாராவது சொல்வார்களா? செய்தது எங்கே என்பது மட்டும் கேள்வி அல்ல. லாபம் யாருக்கு, வேலை யாருக்கு, உரிமை யாருக்கு என்பதும் கேள்விதான்.

இங்கிலாந்திலும் இப்படி ஒரு வேடிக்கை நடந்தது. சர்பிட்டன் என்ற ஊரில் ஒரு கம்பெனியைச் சேர்ந்த ஐந்து பெண் காரியதரிசிகள், நாட்டுக்காகத் தினம் அரை மணி நேரம் சம்பளம் இல்லாமல் கூடுதலாக உழைப்பதாக அறிவித்தார்கள். உடனே 'நான் பிரிட்டனை ஆதரிக்கிறேன்' என்ற இயக்கம் 1968 ஜனவரியில் நாடெங்கும் பற்றிக்கொண்டது. அந்த வாசகம் அச்சிட்ட பனியன்களும் விற்பனைக்கு வந்தன. அவற்றில் சில போர்ச்சுகலில் செய்தவை! சில மாதங்களில் இயக்கம் ஓய்ந்துவிட்டது.

பெயரை மாற்றினால் ருசி மாறுமா?

நாட்டுப் பெயர் நம் நாக்கையும் கண்ணையும் ஏமாற்றுமா? ராபர்ட் ஸ்கூலர் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் குவாதமாலா நாட்டில் இதைச் சோதித்துப் பார்த்தார். மாணவர்களிடம் பழரசத்தையும் துணித் துண்டையும் கொடுத்து அபிப்பிராயம் கேட்டார். எல்லாருக்கும் கொடுத்தது ஒரே சாமான்தான். ஆனால் ஒட்டிய சீட்டு மட்டும் வேறு வேறு: குவாதமாலா, மெக்ஸிகோ, கோஸ்டரிகா, எல்சால்வடார். கோஸ்டரிகா, எல்சால்வடார் சீட்டு ஒட்டியவற்றுக்கு மாணவர்கள் குறைந்த மதிப்பே போட்டார்கள். சாமானில் இல்லாத குறையைச் சீட்டில் கண்டுபிடித்தார்கள்!

1965-ல் இந்த முடிவு வெளிவந்தது. அதற்குப் பிறகு பல நாடுகளில் இப்படி ஆராய்ந்திருக்கிறார்கள். பொதுவாகத் தெரிவது இதுதான்: சாமானைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாதபோது நாட்டுப் பெயரைப் பிடித்துக்கொள்கிறோம். விலை, உத்தரவாதம், பக்கத்து வீட்டுக்காரர் அனுபவம் எல்லாம் கிடைத்துவிட்டால், அந்தப் பெயரின் செல்வாக்கு குறைந்துவிடுகிறது.

ஒரு போனுக்கு எத்தனை தாய்நாடு?

இப்போது இன்னொரு சிக்கல். ஒரு சாமானை ஒரே நாட்டில் செய்த காலம் மலை ஏறிவிட்டது.

2009-ல் விற்ற ஐபோன் ஒன்றைப் பொருளாதார ஆராய்ச்சியாளர்கள் இருவர் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். அதைச் செய்து முடிக்க ஆன அடக்கம் 178 டாலர் 96 சென்ட். பாகங்கள் ஜப்பான், கொரியா, ஜெர்மனி, அமெரிக்கா முதலிய நாட்டுக் கம்பெனிகளுடையவை. சீனத் தொழிலாளர்கள் அவற்றைப் பூட்டிக் கொடுத்ததற்கு ஆன செலவு 6 டாலர் 50 சென்ட்! ஆனால் ஏற்றுமதிக் கணக்கில் முழுப் போனும் சீனச் சரக்கு. இன்று அதே வகைப் போனை நம் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் பெண்கள் ஆயிரக்கணக்கில் பூட்டுகிறார்கள். அதை நம் சரக்கு என்பதா, அமெரிக்கச் சரக்கு என்பதா?

இதற்கு நாட்டுக்கு நாடு ஒரு விதி. சுவிஸ் கடிகாரம் என்று போட வேண்டுமானால், 2017 முதல் தயாரிப்புச் செலவில் குறைந்தது 60 சதவிகிதம் ஸ்விட்ஸர்லாந்திலேயே ஆகியிருக்க வேண்டும். மிச்சம் 40? அதைப் பற்றிச் சட்டம் கேட்பதில்லை. 'அமெரிக்காவில் செய்தது' என்று போட, அநேகமாக முழுவதுமே அங்கே செய்திருக்க வேண்டும் என்பது அந்த நாட்டு விதி. ஆகவே 'இன்ன நாட்டில் செய்தது' என்ற சொற்கள் ஒன்றாக இருந்தாலும் அவற்றின் அர்த்தம் ஒன்றல்ல.

ஒரு தவறான நம்பிக்கையையும் இங்கே சொல்லிவிடலாம். பட்டைக் கோடு 890 என்று தொடங்கினால் இந்தியச் சரக்கு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி அல்ல. அந்த எண் எந்த நாட்டுச் சங்கத்தில் பதிவு செய்து வாங்கியது என்பதைத்தான் முதல் மூன்று இலக்கங்கள் காட்டும். இங்கே பதிவு செய்த கம்பெனி, வெளிநாட்டில் செய்வித்த சாமானிலும் 890 இருக்கலாம்.

ஒரு துளி விஷம்

நாட்டுப் பெயர் என்பது ஊர்ப் பொதுக் கிணறு மாதிரி. நூறு பேர் பாடுபட்டுச் சுத்தமாக வைத்திருப்பார்கள். ஒருவன் விஷத்தைக் கலந்தால் போதும்.

2008-ல் சீனாவில் பாலில் மெலமைன் என்ற ரசாயனத்தைக் கலந்தார்கள். குழந்தைகள் மாண்டார்கள். சீனப் பால் பொருள்களுக்கு இந்தியா அந்த வருஷமே தடை போட்டது. யோக்கியமாகப் பால் கறந்த சீன விவசாயியும் சேர்ந்துதான் நஷ்டப்பட்டான்.

அதைப் பார்த்து நாம் பெருமூச்சு விட்டோம். ஆனால் 2022 அக்டோபரில் உலக சுகாதார ஸ்தாபனம் ஓர் எச்சரிக்கை விடுத்தது. ஆப்பிரிக்காவில் காம்பியா என்ற சின்னஞ்சிறு நாட்டில் 66 குழந்தைகள் மாண்டதற்கும், இந்தியாவில் தயாரான நான்கு மருந்துகளுக்கும் தொடர்பு இருக்கலாம் என்றது. இங்கிருந்து மறுப்பும் போயிற்று. இருந்தாலும், ஏற்றுமதியாகும் இருமல் மருந்துகளை ஆய்வுக்கூடத்தில் பரிசோதித்துச் சான்று பெற்ற பிறகே அனுப்ப வேண்டும் என்று 2023 ஜூன் முதல் இந்திய சர்க்கார் விதித்தது. ஜப்பான் 1957-ல் செய்த அதே காரியம்! ஏழை நாடுகள் பலவற்றுக்கு மலிவு விலையில் மருந்து கொடுக்கும் நாடு என்று நாம் பல வருஷம் உழைத்துச் சம்பாதித்த பெயர் அல்லவா?

விதி வந்தது வெளிநாட்டுக்குப் போகும் மருந்துக்கு. உள்நாட்டில்? 2025-ல் மத்தியப் பிரதேசத்தில் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த மருந்து நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அதில் டை எத்திலீன் கிளைக்கால் என்ற விஷப் பொருள் மிக அதிகமாக இருந்ததைத் தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு இலாகாவின் பரிசோதனையே காட்டியது. தொழிற்சாலையின் லைசென்ஸ் ரத்தாயிற்று. போன குழந்தைகள் திரும்பவில்லை.

காஞ்சிபுரம் என்றால் நமக்குப் பட்டு நினைவுக்கு வரும். அந்தச் செய்தியைப் படித்த வடநாட்டுத் தாய்மார்களுக்கு என்ன நினைவுக்கு வந்திருக்கும்? 'நம்ம ஊர்ச் சரக்கு' என்பது மட்டும் தரத்துக்கு ருசு ஆகிவிடாது.

எப்போது பார்க்க வேண்டும்?

அப்படியானால் ஊர்ப் பெயரையே பார்க்க வேண்டாமா? பார்க்கத்தான் வேண்டும். எதற்குப் பார்க்கிறோம் என்று தெரிந்து பார்க்க வேண்டும்.

மண்ணும் தண்ணீரும் பரம்பரைக் கைத்திறனும் கலந்த சரக்குக்கு ஊர்தான் உயிர். காஞ்சிப் பட்டு, டார்ஜிலிங் தேயிலை, திண்டுக்கல் பூட்டு, பழனிப் பஞ்சாமிர்தம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா, கோவில்பட்டிக் கடலை மிட்டாய் இவற்றுக்கெல்லாம் புவிசார் குறியீடு என்ற சட்டப் பாதுகாப்பே உண்டு. இங்கே ஊர்ப் பெயரைக் கேட்டு வாங்குவது நியாயம். வேறு ஊரில் செய்து அந்தப் பெயரில் விற்றால் அது மோசடி.

மருந்து, குழந்தை உணவு, மின்சாரச் சாமான் ஆகியவற்றில் நாட்டைவிட, பொறுப்பேற்பவர் யார் என்பதே முக்கியம். தயாரித்தவரின் அல்லது இறக்குமதி செய்தவரின் முழு விலாசம், தொகுதி எண், தேதி இவை பெட்டியின் மேல் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தால் அதோடு லைசென்ஸ் எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண் மெய்யா பொய்யா என்று இந்திய தர நிர்ணய அமைவனத்தின் செல்போன் செயலியிலேயே சரிபார்க்கலாம். இறக்குமதியான பொட்டலச் சரக்கில் நாட்டின் பெயர் இருந்தே ஆக வேண்டும் என்பது சட்டம். இணையக் கடைகளும் அதைச் சொல்ல வேண்டும் என்று 2020-ல் விதி வந்திருக்கிறது. சொல்லாத கடையில் வாங்க வேண்டாம்.

சுதேசி அபிமானத்தால் வாங்குகிறீர்களா? மிக நல்லது. நம் ஊர் நெசவாளிக்கும் பூட்டுத் தொழிலாளிக்கும் அது சோறு போடும். தரமும் விலையும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும்போது நம் ஊர்ச் சரக்குக்கே கை நீளட்டும். நாலு காசு கூடுதலாக இருந்தாலும், வசதி உள்ளவர்கள் கொடுத்து வாங்கலாம். ஆனால் மட்டமான சரக்கைத் தேசாபிமானத்தின் பெயரால் தலையில் கட்டும் வியாபாரியிடம், "இது வேண்டாம், நல்லதாகச் செய்து கொண்டு வாருங்கள்" என்று சொல்வதும் தேசாபிமானம்தான். ஜெர்மனியில் ரூலோ செய்தது அதைத்தான்.

ஜெர்மனிக்கும் ஜப்பானுக்கும் பெயர் வாங்கிக் கொடுத்தவர்கள், திருகாணியைச் சரியாக முடுக்கிய தொழிலாளிகள்; குறையைக் கண்டதும் மூடி மறைக்காத மேஸ்திரிகள். ஸ்ரீபெரும்புதூரிலும் திருப்பூரிலும் சிவகாசியிலும் இன்று காலை வேலைக்குப் போனவர்கள் கையில்தான், நாளைக்கு ஏதோ ஒரு நாட்டுக் கடையில் ஒருவர் "இது எந்த ஊர்ச் சரக்கு?" என்று கேட்கும்போது கடைக்காரர் சொல்லப்போகும் பதிலின் மதிப்பு இருக்கிறது.